ஜீவரத்தினம் வீட்டுக் குழியும் ஹில்டாவின் சிவப்புப் பென்சிலும்

தாம்பரத்தில் ஏறி கிழக்கே போகிற எந்த பஸ்ஸில் உட்கார்ந்தாலும் அந்தக் காலத்தில் இந்தக் கதை காதில் விழும். டிக்கெட் வாங்காமல்கூட இறங்கிவிடலாம், இந்தக் கதையை வாங்காமல் இறங்க முடியாது.

நகராட்சி ஆபீஸில் வீட்டு பிளான் பார்க்கிற ஹில்டா என்ற பெண்ணை ஜீவரத்தினம் என்பவர் ஒரு காலத்தில் பெண் பார்க்க வந்தாராம். கேசரியைச் சாப்பிட்டார், பஜ்ஜியைச் சாப்பிட்டார், காபியைக் குடித்தார், பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சில வருஷம் கழித்து அதே ஜீவரத்தினம் வீடு கட்ட பிளான் போட்டால், அது நேராக ஹில்டாவின் மேஜையில் போய் உட்கார்ந்துகொண்டது. அம்மாள் விடுவாளா? பஜ்ஜிக்கு ஒரு தடவை, கேசரிக்கு ஒரு தடவை என்று பிளானைத் திருப்பித் திருப்பி அனுப்பி ஆளை அலைய விட்டாளாம்.

மூன்று தடவை என்று சேலையூரில் சொல்வார்கள். கேம்ப் ரோடு தாண்டுவதற்குள் அது ஆறு தடவை ஆகிவிடும். மேடவாக்கம் போய்ச் சேரும்போது ஹில்டா பிளானைக் கிழித்து ஜீவரத்தினத்தின் முகத்திலேயே எறிந்திருப்பாள். கோவிலம்பாக்கத்தில் ஒரு சலூன்காரர் அதற்கும் மேலே போவார். பிளானை விரித்து வைத்துக்கொண்டு ஹில்டா அழுததைத் தன் மச்சான் கண்ணாலேயே பார்த்ததாகவும், கண்ணீர் பட்டு வரைபடத்தில் சமையலறை அழிந்தே போனதாகவும் சொல்வார். பாதி ஷேவிங்கில் கத்தி கழுத்தில் இருக்கும்போது யார் மறுத்துப் பேசப் போகிறார்கள்?

பஜ்ஜி உண்மை. பிளான் திரும்பிப் போனதும் உண்மை. ஆனால் நடுவில் ஒரு கிணறும் ஒரு கக்கூஸ் குழியும் இருந்தன. காதல் கதையில் கக்கூஸ் வந்தால் கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று கதை சொன்னவர்கள் அந்த இரண்டையும் விட்டுவிட்டார்கள். நடந்ததெல்லாம் அங்கேதான் நடந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டாவது அதை முதலிலிருந்து கேட்டுவிடுங்கள்.

ஹில்டாவின் அப்பா சவுரிமுத்து ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளம் ஒரு நூல் விலகியிருந்தாலும் நடக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். பெண்ணுக்கும் அந்தக் கண் வந்திருந்தது. சுவரில் மாதா படம் சாய்ந்திருந்தால் சோறு இறங்காது. கிண்டி ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் படிப்பு படித்து, எண்பத்து நாலில் நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்தாள். எந்த நகராட்சி என்று கேட்காதீர்கள், அங்கே இன்னும் ஆள் இருக்கிறார்கள்.

வேலை என்னவென்றால், வீடு கட்டுகிறவர்கள் கொண்டுவந்து கொடுக்கிற பிளானைச் சரிபார்ப்பது. முன்னால் விட வேண்டிய இடம் விட்டிருக்கிறார்களா, பக்கத்தில் ஆள் நடக்க வழி இருக்கிறதா, சமையல்கட்டுக்கு ஜன்னல் உண்டா, கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் போதுமான தூரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். தப்பு இல்லையென்றால் இனிஷியல், அதாவது சுருக்கொப்பம், போட்டு மேலே அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். சந்தேகம் வந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போய், சாரத்தில் ஏறி அளக்க வேண்டும். ஹில்டா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிடுவாள். கீழே நிற்கிற சித்தாள்கள் விசில் அடிப்பார்கள். ஆண்கள் இல்லை, பெண்கள்தான்.

அழுத கதைக்கும் இங்கேயே ஒரு முடிச்சுப் போட்டுவிடலாம். புதிதாக எடுத்த பிளான் பிரிண்டில் அமோனியா நெடி வெங்காயத்தைத் தோற்கடிக்கும். அதைப் பிரித்தால் ஹில்டா அழுவாள், பியூன் அழுவார், கமிஷனரே வந்தாலும் அழுவார்.

எண்பத்தாறில் ஜீவரத்தினம் பெண் பார்க்க வந்தார். பல்லாவரத்தில் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் சூப்பர்வைசர். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தார். அம்மா ஞானம்மாள் சுட்ட வாழைக்காய் பஜ்ஜியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஹில்டாவும் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, சரி, பரவாயில்லை என்றுதான் நினைத்தாள். அடுத்த வாரம் தரகர் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சேதி சொன்னார்.

“பொண்ண ஒண்ணும் குறை சொல்லல. ஆனா ஆம்பளைங்களோட ஏணி ஏறி மாடி அளக்குறாளாம். அவங்க வூட்ல ஒத்து வராதுன்றாங்க.”

கறுப்பு, குட்டை, நகை போதாது என்று சொல்லியிருந்தால் ஹில்டாவுக்கு வலித்திருக்காது. அந்தச் சொற்களெல்லாம் எல்லா வீட்டுக்கும் வருகிறவை. ஏணியைக் குறை சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. மறுநாளும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஏணி ஏறத்தான் செய்தாள்.

அடுத்து லோகநாதனைச் சொல்ல வேண்டும். அவர் இல்லாமல் இந்த ஊரில் ஒரு வீடும் இல்லை. நகராட்சி ஆபீஸுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற லைசென்ஸ் சர்வேயர். பிளான் வரைந்து கொடுப்பது அவர் தொழில். வாழ்நாளில் ஒரே ஒரு வீடுதான் வரைந்தார். அந்த ஒரு வீட்டையே பெயரையும் மனை நம்பரையும் மாற்றிமாற்றி ஊர் முழுக்க விற்றார். ஹால் நடுவில், சமையல்கட்டு தென்கிழக்கில், கிணறு வடகிழக்கு ஈசானிய மூலையில், செப்டிக் டேங்க் வடமேற்கு வாயு மூலையில். எல்லாம் மேஸ்திரிகள் சொல்கிற மனையடி சாஸ்திரப்படி. இந்துவுக்கு பிளானின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுப்பார், கிறிஸ்தவருக்கு உச்சியில் ஒரு சிலுவை, முஸ்லிமுக்கு எழுநூற்று எண்பத்தாறு. ஆனால் குழி மட்டும் எல்லா மதத்துக்கும் வாயு மூலைதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் முதல் பெஞ்சில் முழங்கால் போடுகிறவர்கள்கூட திங்கட்கிழமை மேஸ்திரியிடம் வாயு மூலையை விசாரிப்பார்கள். பங்குச் சாமியாருக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள்.

தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் ஹில்டா ஒரு பிளானைப் பிரித்தாள். மேலே சிலுவை. கீழே, வி. ஜீவரத்தினம், ஆரோக்கியநகர். ஏரிக்கரையை ஒட்டிப் புதிதாகப் போட்ட மனைகள் அவை. பெயரைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் வந்ததே என்று அந்தக் கோபத்தின் மேலேயே இன்னொரு கோபமும் வந்தது.

பிளானில் தப்பே இல்லை. லோகநாதனின் பழைய வீடுதானே, எத்தனை தடவை பார்த்திருப்பாள்! அவருடைய கிணறு ஒரு மூலை, அவருடைய குழி மறு மூலை, நடுவில் வேண்டிய தூரம். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சுருக்கொப்பம் போட்டிருப்பாள். ஆனால் இந்த ஆளுக்கு மேஜையிலிருந்தே போட்டுக் கொடுத்தால் பழைய நினைப்பில் சலுகை செய்தாள் என்பார்கள். பிளானை நிறுத்தி வைத்தால் பழைய நினைப்பில் பழி வாங்கினாள் என்பார்கள். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து போட்டால் ஒரு நாக்கும் புரளாது என்று கணக்குப் போட்டாள். பாவம், இந்த ஊர் நாக்குகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆரோக்கியநகர் முதல் தெருவில் ஜீவரத்தினத்தின் மனை மட்டும்தான் காலி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. மேற்குப் பக்கத்து வீட்டில் பெண்கள் கூட்டமாக குடத்தோடு நின்றார்கள். அது செல்லம்மா வீடு. ஊர்க்காரம்மா, காலையில் இட்லிக் கடை, மற்ற நேரத்தில் தெரு விவகாரம்.

“இன்னா மேடம், இந்த வெயில்ல டேப்ப இஸ்துகினு வந்துகீற? குந்து. தண்ணி குடி.”

ஹில்டா வாங்கிக் குடித்தாள். ஆபீஸில் ஆரோக்கியநகர் என்றாலே எல்லோருக்கும் கலர்தான் ஞாபகம் வரும். எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் தரமாட்டார்கள், பெட்டிக்கடையிலிருந்து கலர் சோடா உடைத்துத் தருவார்கள். வசதியான நகர் என்று பியூன் பெருமையாகச் சொல்வார்.

“நல்லா இருக்கே தண்ணி. உங்க வீட்ல மட்டும் ஏன் இவ்ளோ கூட்டம்?”

“எங்கூட்டுக் கெணறு மட்டும்தான் மேடம் தண்ணியா கீது. மத்ததுங்க எல்லாம் நாறுது. அதான் வந்தவங்களுக்குக் கலரு. அந்தத் தண்ணியக் குடுத்தா வந்தவன் திரும்பி வருவானா?”

குடத்தோடு நின்ற ஒருத்தி சொன்னாள். “அக்காவுக்கு ஆத்தா கண்ணு தொறந்துகீறா.”

“ஆத்தாவாவது ஒண்ணாவது! நான் ரெண்டு பாக்கெட் பிளீச்சிங் பவுடர் போட்டேன். நீயும்தான் போட்ட, ஒனக்கு ஏன் நாறுது?”

ஹில்டா டம்ளரை வைத்துவிட்டுக் கிணற்றங்கரைக்குப் போனாள். ஈசானிய மூலை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஜீவரத்தினத்தின் காலி மனை. அவருடைய வாயு மூலை. பிளானில் செப்டிக் டேங்க் போட்டிருந்த இடம் சரியாக அவள் மூக்குக்கு நேரே இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. என் வடகிழக்கு மூலை என்பது எனக்குக் கிழக்கே இருக்கிற வீட்டுக்காரனின் வடமேற்கு மூலையை ஒட்டித்தானே இருக்கும்? எல்லோரும் கிணற்றை வடகிழக்கில் வெட்டி, எல்லோரும் குழியை வடமேற்கில் தோண்டினால், ஒவ்வொருவன் கிணற்றுக்கும் பக்கத்தில் அடுத்தவன் குழி. நடுவில் ஒரு மதில் சுவர். பூமிக்கு அடியில் சுவர் ஏது? ஏரிக்கரை மண்ணில் தண்ணீர் மேலேயே நிற்கும், ஊறுவதற்கு ஒரு மழை போதும். செல்லம்மா கிணறு தப்பித்ததற்கு ஆத்தாவும் காரணமில்லை, பவுடரும் காரணமில்லை. கிழக்கே ஜீவரத்தினம் இன்னும் வீடு கட்டவில்லை, அதுதான் காரணம்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லா பிளானும் சரி. தெருவில் நிற்கிற எல்லா வீட்டுக்கும் சுருக்கொப்பம் போட்டவள் ஹில்டாதான். ஒரு பிளானுக்குப் பக்கத்தில் இன்னொரு பிளானை வைத்துப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கலர் பாட்டில்கள் எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் நின்றன.

மறுநாள் சிவப்புப் பென்சிலால் குழியைச் சுழித்து, தெற்குப் பக்கம் நடுவில் மாற்றவும் என்று எழுதி அனுப்பினாள். கிணற்றையும் கிழக்குச் சுவரிலிருந்து தள்ளி வெட்டச் சொல்லியிருந்தாள். லோகநாதன் வெற்றிலையைக்கூடத் துப்பாமல் ஓடிவந்தார்.

“இன்னா மேடம் பேஜார் பண்றீங்க? இதே பிளானுக்கு நீங்களே எத்தினி தபா சீல் குத்தியிருக்கீங்க!”

“குத்தினது தப்புண்ணா. இனிமே குத்த மாட்டேன்.”

“பக்கத்து வூட்டுக் கெணத்தப் பாக்கணும்னு ரூல் கீதா?”

“இல்ல.”

“அப்பறம்?”

“கிணறு இருக்கே.”

லோகநாதன் தலையில் அடித்துக்கொண்டு போனார். இரண்டாம் தடவை பிளான் வந்தது. குழி வாயு மூலையிலேயே ஒரு சாண் நகர்ந்திருந்தது. ஹில்டா திருப்பி அனுப்பினாள். மூன்றாம் தடவை ஜீவரத்தினமே வந்தார். தலையில் கொஞ்சம் முடி போயிருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மேஜையைப் பார்த்தபடியே பேசினார்.

“சிஸ்டர், பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க.”

“எந்தப் பழசு?” என்றாள் ஹில்டா. காது சிவந்துவிட்டது.

“தெக்கால குழி வெச்சா எங்க வூட்டுக்கு ஆகாது. பல்லாவரத்துல வாடகை வூட்ல அப்படித்தான் இருந்துச்சி. ரெண்டு புள்ள தங்கல எங்களுக்கு. மேஸ்திரி வந்து பாத்ததுமே, குழி எங்க கீதுன்னுதான் கேட்டாரு.” நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார். “இப்ப என் வொய்ஃப் மறுபடியும் உண்டாயிருக்கா. புள்ள பொறக்கறதுக்குள்ள சொந்த வூட்டுக்குப் போயிடணும். தயவு பண்ணுங்க.”

ஹில்டாவுக்கு உள்ளே இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. “சார், அந்தத் தெருவே செல்லம்மா கிணத்துலதான் குடிக்குது. உங்க குழி அதுக்கு ஒட்டி வருது,” என்று மெதுவாகத்தான் சொன்னாள். அவர் காதில் அது விழவில்லை. எழுந்து நின்று, பக்கத்து மேஜைகளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“அன்னிக்கு நான் வேணாம்னதுக்கு இன்னிக்குப் பழி வாங்கறீங்க. எனக்குத் தெரியாதா?”

பியூன் கையிலிருந்த டீ அப்படியே நின்றது. சாயங்காலம் ரயிலேறுவதற்குள் கதையும் ரயிலேறிவிட்டது.

வீட்டில் ஞானம்மாள் அழுதாள். ஹில்டாவுக்கு அப்போதுதான் ஒரு இடம் கூடி வந்துகொண்டிருந்தது. “போட்டுத் தொலையேன்டி அந்தக் கையெழுத்த! ஊரு கெணறு நாறினா ஒனக்கு இன்னா? ஒன் பேரு நாறினா யாரு வந்து பவுடர் போடுவா?”

அம்மா கேட்டதில் தப்பில்லை. கையெழுத்துப் போட்டால் பேர் பிழைக்கும், கிணறு போகும். போடாவிட்டால் கிணறு பிழைக்கும், பேர் போகும். அவ்வளவு தெளிவாக இருந்தது விஷயம். தெளிவாக இருந்ததால் தூக்கம் வந்துவிடுமா?

ஜீவரத்தினம் கமிஷனருக்கு மனு கொடுத்தார். சொந்தப் பகையை வைத்து அலைக்கழிக்கிறார், வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று. மனு இறங்கி இறங்கி ஹில்டாவின் அதிகாரி வைத்தீஸ்வரனிடம் வந்தது. ரிட்டயராகப் போகிற மனிதர், மூக்குப்பொடி போடுகிறவர், எதற்கும் குரலை உயர்த்தாதவர்.

“ஏம்மா ஹில்டா, ரூல்ல இல்லாததுக்கு ஏன் மல்லுக்கு நிக்கற? நீ ஒரு இனிஷியல் போட்டா நான் பாஸ் பண்ணிட்டுப் போறேன். இல்லேன்னா இந்த மனுவுக்கு நான் என்ன எழுதறது? உன்னை மாத்தச் சொல்லித்தான் எழுதணும்.”

“எழுதுங்க சார். அதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல வந்து பாருங்க.”

“பாத்தா?”

“பாத்துட்டு நீங்களே பாஸ் பண்ணுங்க. நான் போட மாட்டேன்.”

அவர் பொடியை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

ஆரோக்கியநகரில் அன்றைக்குத் திருவிழாக் கூட்டம். பழி வாங்குகிற அம்மாவைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஜீவரத்தினம் வெள்ளைச் சட்டையில் நின்றார். அவர் மனைவி கிருபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். ஹில்டாவை ஏற இறங்கப் பார்த்தாள். தன் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொன்ன பெண்ணை எந்த மனைவிதான் பார்க்காமல் இருப்பாள்?

ஹில்டாவுக்கு மேடைப் பேச்செல்லாம் வராது. மேஸ்திரியிடம் கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி வாங்கி, பிளானில் இருந்தபடி தரையில் ஒரு வட்டமும் ஒரு சதுரமும் போட்டாள். வட்டம் கிணறு, சதுரம் குழி.

“சார், நீங்க உங்க குழியில நில்லுங்க.”

ஜீவரத்தினம் சதுரத்தில் போய் நின்றார். கூட்டம் சிரித்தது.

“செல்லம்மாக்கா, நீங்க உங்க கிணத்துக்கிட்ட நில்லுங்க.”

செல்லம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று தலையை நீட்டினாள். இரண்டு பேர் முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. “இன்னா சார், இவ்ளோ நெருங்கி நின்னா எங்கூட்டுக்காரரு இன்னா நெனைப்பாரு!” என்றாள். சிரிப்பு இன்னும் பலமானது. ஜீவரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை.

“சிஸ்டர், நீங்க உங்க கிணத்துல நில்லுங்க,” என்றாள் ஹில்டா கிருபாவிடம்.

கிருபா மெதுவாக எழுந்து வட்டத்துக்குள் போய் நின்றாள். கிழக்குப் பக்கம் ஒரு வாத்தியார் வீடு. மதிலுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு குழாய் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. செப்டிக் டேங்குக்கு வைக்கிற காற்றுக் குழாய். அந்த நேரம் பார்த்துக் காற்று கிழக்கிலிருந்து வீசியது. கிருபா முந்தானையால் மூக்கை மூடினாள்.

“இது யாருது?”

“வாத்தியார் வீட்டுக் குழி. அதுக்கு இனிஷியல் போட்டது நான்தான். அவங்க பிளானை மட்டும் பாத்தேன், பக்கத்துல நீங்க வருவீங்கன்னு யோசிக்கல. என் தப்பு அது.” ஹில்டாவின் குரல் இறங்கியிருந்தது. “நீங்க நிக்கறீங்களே, அங்க ஊறுற தண்ணியிலதான் உங்க புள்ளைக்குப் பால் கரைக்கணும்.”

கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. குடம் தூக்குகிற பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தங்கள் வீட்டு மதில் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வைத்தீஸ்வரன் பொடி டப்பாவைத் திறந்தபடியே மறந்து நின்றார். “அடடா, எங்காத்துலயும் வடமேற்குலதான்…” என்று ஆரம்பித்து, மேலே சொல்லாமல் டப்பாவை மூடினார்.

ஜீவரத்தினம் விடவில்லை. “கிணத்த மாத்திக்கலாம். குழி மட்டும் வாயு மூலையிலயே இருக்கட்டும். தெக்கால வேணாம்.”

“ஏன்? செல்லம்மாக்கா கெணத்துல கெடக்கட்டும்னா?” என்றாள் கிருபா. அவள் வட்டத்தை விட்டு வெளியே வரவில்லை. “ரெண்டு புள்ளைங்களும் மூலையாலயா போச்சு? பல்லாவரத்துல தோல் கம்பெனித் தண்ணி கலந்த போர்த் தண்ணியத்தானே நான் குடிச்சினு இருந்தேன்! டாக்டர் தண்ணியக் காய்ச்சிக் குடின்னாரு. நீங்க மேஸ்திரியக் கூட்டியாந்தீங்க. இந்த வூட்லயும் எனக்கு அந்தத் தண்ணிதானா? குழி தெக்கால இருக்கட்டும். பயமா இருந்தா சாமியாரக் கூப்ட்டு மந்திரிச்சிக்கலாம்.”

அந்த மனிதர் தன் குழியிலேயே நின்றுகொண்டு கையால் முகத்தை மூடிக்கொண்டார். பார்க்கிறவர்களுக்குக்கூட ஒரு மாதிரி ஆகிவிட்டது. செல்லம்மா மதில் வழியாகவே அவர் தோளைத் தட்டி, “வுடு சார், வூட்டுக்கு வா, ஒரு டம்ளர் தண்ணி குடி,” என்றாள்.

மனுவின்மேல் வைத்தீஸ்வரன் என்ன எழுதினாரோ தெரியாது. ஹில்டாவை யாரும் மாற்றவில்லை. அதற்கப்புறம் அந்த ஆபீஸில் ஒரு பிளான் வந்தால் பக்கத்து மனைகளின் பிளானையும் எடுத்து, மூன்றையும் மேஜையில் சேர்த்து விரித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. சட்டம் ஒன்றும் வரவில்லை, பழக்கம்தான். லோகநாதனும் மனசில்லாமல் தன் வாழ்க்கையின் இரண்டாவது வீட்டை வரைந்தார். குழி தெற்கில்.

ஜீவரத்தினத்தின் புதுமனை புகுவிழாவுக்கு சாமியார் வந்தார். வாசல், அறைகள், அடுப்பு எல்லாவற்றிலும் தீர்த்தம் தெளித்துவிட்டுக் கிளம்பப் போனவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு சிமெண்ட் மூடியைக் காட்டினார்கள். என்ன இது என்று கேட்டார். சொன்னார்கள். முப்பது வருஷ ஊழியத்தில் செப்டிக் டேங்கை மந்திரித்ததில்லை என்று சொல்லிவிட்டு, பெரிய மனதோடு கொஞ்சம் தாராளமாகவே தெளித்தார். கிருபாவுக்கு அந்த வருஷக் கடைசியில் பெண் குழந்தை பிறந்து, தங்கியது. குழி காரணமா, காய்ச்சின தண்ணீர் காரணமா, தீர்த்தம் காரணமா என்று அந்தத் தெருவில் இன்னும் மூன்று கட்சி உண்டு.

ஹில்டாவுக்குக் கூடி வந்த அந்த இடம் கதையைக் கேள்விப்பட்டு நழுவிவிட்டது. பழைய ஆளை மறக்காத பெண் எதற்கு என்றார்களாம். அவள் அதற்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் தொண்ணூற்று மூன்றில் மின்சார வாரியத்து லைன்மேன் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஏணி ஏறுகிற குடும்பம், வீட்டில் சண்டை வந்தால் யார் கீழே இறங்குவது என்றுதான் தகராறு என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் கதை மட்டும் அவளை விடவில்லை. குழி தெற்கே போன விஷயமும் அதில் சேர்ந்துகொண்டது. குடும்பம் விளங்கக் கூடாது என்று சாபமிட்டுத் தெற்கே தோண்ட வைத்தாளாம். யார் சொல்லும்போதும் ஹில்டா கேட்காத மாதிரி நகர்ந்து போய்விடுவாள்.

தொண்ணூற்று ஆறில் ஒரு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தை. ஹில்டா பழைய இரும்புக் கட்டில் ஒன்றைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கூட வந்தவளிடம் ஆரம்பித்தாள். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பிளான் கிழிந்தது, கண்ணீரில் சமையலறை அழிந்தது, சாபமும் வந்தது. “பொம்பள பழி வாங்கணும்னு நெனச்சா எப்படி வாங்கறா பாரு! அவ பேரு கூட ஹில்டாவோ என்னமோ.”

அன்றைக்கு வெயில் அதிகமா, கட்டில்காரன் விலை அதிகமா தெரியாது. ஹில்டா கட்டிலை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

“ஏம்மா, அந்த ஹில்டா நான்தான். கோவம் இருந்துச்சி, இல்லன்னு சொல்ல மாட்டேன், வண்டி வண்டியா இருந்துச்சி. ஆனா பழி வாங்கணும்னா நான் ஏன் திருப்பி அனுப்பணும்? மொத நாளே சீல் குத்திக் குடுத்துட்டுப் போயிருப்பேன். அந்தாளு காலம் பூரா வாத்தியார் வூட்டுக் கக்கூஸ் தண்ணியக் குடிச்சினு இருந்திருப்பான்.”